அசை நின்ற பசு

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் படிப்பை முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட இரண்டு அறைகள், முன்னால் மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச் சட்டம், பின்னால் ஒரு கிணறு. என்னைத் தவிர ஒரு கம்பவுண்டர் இருந்தார். மருந்து கலக்குவது, மாட்டின் வாயைப் பிடிப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் பித்தளையால் ஆன பழைய மைக்ராஸ்கோப் ஒன்றும் இருந்தது. அடைப்பான் நோயில் செத்த மாட்டின் ரத்தத்தைப் பார்ப்பதற்காக எப்போதோ அரசாங்கம் கொடுத்தது. சேர்ந்த முதல் வாரமே அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டேன். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து படித்து வந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

இரண்டாவது வருஷம், சாரல் தொடங்கிய மறுவாரம், மேலகரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். புருஷன் பட்டாளத்தில் வடக்கே எங்கோ இருந்தார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரு பசுவும். குற்றாலத்தில் சீசன் இருக்கும் மூன்று மாதமும் பசுவின் பால்தான் அவருக்குத் தொழில். அருவிக்கரை டீக்கடைகளுக்குக் கொஞ்சம் போகும். மீதி ஒரு சத்திரத்துக்கு. அங்கே பூஜைக்கு வைப்பதற்கும் இவர் பால்தான். அதற்காகவே பசுவை அவர் காலையும் மாலையும் குளிப்பாட்டுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பசுவுக்கு அதுதான் முதல் ஈத்து, தலையீத்து. கன்று போட்டு இரண்டு நாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கையை விட்டு மெதுவாகப் பிரித்து எடுத்தேன். எடுத்த பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. பெனிசிலின் ஊசி போட வேண்டிய கட்டம். ஆஸ்பத்திரியில் இருந்ததோ தீர்ந்துவிட்டது. திருநெல்வேலிக்கு எழுதிப்போட்டு வர ஒரு வாரம் ஆகும். ஆனால் அலமாரியில் புதிதாக வந்த மாத்திரைகள் இருந்தன. பால்குடிக் கன்றுகளுக்குக் கழிச்சல் வந்தால் கொடுப்பதற்கான ஆன்டிபயாடிக். பெரிய மாட்டுக்கு எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கவில்லை. நானே எடையை வைத்துக் கணக்குப்போட்டேன். நாலு நாளைக்குக் காலையும் மாலையும், வெல்லத்தில் பொதிந்து தொண்டைக்குள் தள்ளச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு வேளை தவறாமல் கொடுத்தார்.

காய்ச்சல் இறங்கியது. கம்பவுண்டரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலையில் அந்தப் பெண் மழையில் நனைந்தபடியே வந்து நின்றார்.

"டாக்டரே, காச்ச விட்டுட்டு. ஆனா மாடு அசை போட மாட்டேங்கு. வைக்கோல மோந்து பாக்கு, விட்டுருது."

"எத்தனை நாளா அக்கா?"

"ரெண்டு நாளாச்சு. நேத்து கொஞ்சம் தின்னுச்சு. தின்னது தின்னபடி சாணியில வருது."

அசீரணம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அசீரணத்துக்கென்று ஒரு பொடி உண்டு. சுக்கும் எட்டிக்கொட்டைச் சத்தும் கலந்தது. மூன்று நாளைக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று நாளும் பொடி உள்ளே போனதுதான் மிச்சம். நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது பசுவின் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. மடி சுருங்கிக் கிடந்தது. கன்றுக்கு அவர் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பசுவின் இடது பக்கம், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தேன். நல்ல மாட்டுக்கு அங்கே நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ளிருந்து ஒரு புரளல் வரும். கையைத் தள்ளிவிட்டுப் போகும். ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். நனைந்த மூட்டையில் காதை வைத்ததுபோல இருந்தது.

ரப்பர்க் குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி எடுத்து ஒரு சீசாவில் ஊற்றிக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

மாட்டுக்கு வைக்கோலைச் செரிக்கத் தெரியாது. மாடு வளர்க்கிற பலருக்கும் இது தெரியாது. படித்தவனான நானும் அதுவரை பரீட்சைக்கு எழுதியதோடு மறந்திருந்தேன். மாட்டின் நாலு வயிற்றில் முதல் வயிறு பெரிய அண்டா மாதிரி. அதில் வெதுவெதுப்பான சாற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நாரைப் பற்றிக்கொண்டு அரித்துத் தின்பவை அவைதான். அவை தின்று கழிப்பதை மாடு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அவற்றையே அடுத்த வயிறுகளுக்கு அனுப்பிச் செரித்துக்கொள்கிறது. அவற்றோடு கண்ணுக்குத் தெரிகிற அளவை ஒட்டிய வேறு உயிர்களும் அந்தச் சாற்றில் நீந்தும். பாக்டீரியாக்கள் செத்துப்போனால் மாட்டின் வயிற்றில் கிடப்பது வெறும் ஊறின வைக்கோல். மலையளவு தீனி போட்டாலும் மாடு பட்டினிதான்.

நான் பார்த்த கண்ணாடித் துண்டில் எதுவும் அசையவில்லை. நீலச் சாயம் போட்டு, பெரிய லென்சை வைத்து, ஒரு வைக்கோல் நாரைத் தேடிப் பார்த்தேன். நல்ல மாட்டின் வயிற்றில் அந்த நாரின் ஓரம் அரித்துக் குழிவிழுந்து, புள்ளி புள்ளியாக அப்பிக் கிடக்கும். இதில் ஓரம் சுத்தமாக இருந்தது. கத்தரியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது.

கிருமியைக் கொல்லும் மருந்தை நாலு நாள் வாய் வழியாகக் கொடுத்தால், அது எந்தக் கிருமி என்று பார்த்தா கொல்லும்? கருப்பையில் இருந்ததையும் கொன்றது, வயிற்றில் இருந்ததையும் கொன்றது. நாலைந்து வாரக் கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால்தான் அந்த மருந்தைக் கன்றுக்குக் கொடுக்கலாம். அசை போடுகிற மாட்டுக்குக் கொடுத்தது நான் செய்த தவறு.

அன்றைக்கு மத்தியானம் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "அந்த அம்மாகிட்ட இதச் சொல்லப் போறியளா? அசீரணம்னே இருக்கட்டும் சார்" என்றார். என் நல்லதுக்காகத்தான் சொன்னார். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் அடுத்த வைத்தியத்தைச் செய்ய முடியாது. அதற்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

சாயங்காலம் மேலகரத்துக்குப் போனேன். தொழுவத்தில் பசுவின் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். என் மருந்துதான் காரணம், வயிற்றில் தீனியைச் செரிக்கிற பூச்சிகளை அது கொன்றுவிட்டது என்றேன். அவர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காச்சலுக்கு வேற மருந்து கிடையாதா?"

"ஊசி உண்டு. அன்னைக்குக் கையில தீந்துபோச்சு."

"தீந்துபோச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, செங்கோட்டையிலயோ கடையநல்லூர்லயோ அலைஞ்சாவது வாங்கிட்டு வந்திருப்பேம்லா டாக்டரே."

உண்மையில் அந்த யோசனையே எனக்கு வரவில்லை. புது மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது என்று இன்று ஒப்புக்கொள்ளலாம். அன்று அதை அவரிடம் சொல்லவில்லை.

"இப்ப என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க" என்றார்.

நல்ல மாட்டின் வயிற்றிலிருந்து சாற்றை எடுத்து இதன் வயிற்றில் ஊற்ற வேண்டும். செத்துப்போனதற்குப் பதில் புதிதாகக் குடியேற்ற வேண்டும். அவர் அப்போதே தெருவில் நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். குழாய் விட்டு ஒரு வாளி சாறு எடுத்துக்கொள்கிறேன், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. "அசை போடுததப் பிடுங்கினா மாடு பிழைக்காது" என்றார் ஒருவர். இன்னொருவர், "இவுக மாட்டைக் கெடுத்தது பத்தாதுன்னு எங்க மாட்டையும் கெடுக்க வந்தியளாக்கும்?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மிச்சம் ஒரே வழி. தென்காசியில் ஆட்டுக்கறிக் கடை. ஆடும் அசை போடுகிற பிராணிதான், அதன் வயிற்றிலும் இதே பாக்டீரியாக்கள்தான். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கம். அவருடையது சைவக் குடும்பம். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டார். அது மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகியது.

"வெட்டுன ஆட்டு வயித்துலேந்தா?"

"ஆமா அக்கா."

"கறி இல்லையே?"

"கறி இல்ல. ஆடு தின்ன தழைதான். பாதி செரிச்ச தழை."

"எங்க வீட்டுக்காரவுக பட்டாளத்துல என்னத்தத் திங்கறாவளோ, நான் கேட்டதில்ல" என்றார். சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. "பொறவாசல் வழியாக் கொண்டு வாங்க. ஆனா ஒண்ணு. சத்திரத்துல நான் சொல்லிருவேன். மறைச்சு வச்சுப் பூசைக்குப் பால் ஊத்த என்னால முடியாது."

மறுநாள் விடிகாலையில் கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் நல்ல உயரம், ஐம்பது வயது. நான் கேட்டது அவருக்கு முதலில் புரியவில்லை. குடலைக் கழுவும்போது வாய்க்காலில் கொட்டுகிற சக்கை எனக்கு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "எடுத்துக்கிடுங்க டாக்டர்" என்று வாளியை நிரப்பிக் கொடுத்தார். நான் துணியில் வடிகட்டி, பஸ் நிறுத்தத்தில் நின்றேன். சாரலில் பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. மேலகரம் போய்க் குழாய் வழியாக ஊற்றினேன்.

இரண்டு நாள் காத்திருந்தேன். பசுவிடம் எந்த மாற்றமும் இல்லை. அது நிற்கவே தள்ளாடியது.

வாளியில் ஒட்டியிருந்த மிச்சத்தை அன்றே மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் எனக்குத் தோன்றியது. அப்போது வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. கம்பவுண்டரிடம், "எத வச்சுக் கழுவுனீங்க?" என்று கேட்டேன். "எப்பவும் பினாயில்தான சார்" என்றார். கறிக்கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலும் பினாயில் ஊற்றித்தான் கழுவியிருந்தார். சுத்தமாகக் கழுவச் சொன்னது நான். பினாயில் ஒரு பக்கம். திறந்த வாளியில் குளிர்காற்றில் முக்கால் மணி நேரம் நின்றது இன்னொரு பக்கம். அந்தப் பாக்டீரியாக்கள் காற்றோட்டமே இல்லாத இடத்தில் வாழ்கிறவை. சூடு ஆறினாலும் ஆகாது, காற்றுப் பட்டாலும் ஆகாது. நான் கொண்டுபோய் ஊற்றியது செத்த தண்ணீர்.

மறுபடி பாயிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். என்னிடம் காப்பி வாங்கிக் குடிக்கிற பிளாஸ்க் இருந்தது, அதைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எம்புட்டுக் கொள்ளும்? ஒரு செம்பு. உங்களுக்கு வேண்டியது ஒரு குடம். நான் ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க பாய்."

"வயித்த ஏன் கிழிக்கிய? முழுசா எடுத்து, மேலயும் கீழயும் கயித்தால இறுக்கிக் கட்டித் தாரேன். சாக்குல சுத்திக் கொண்டு போங்க. வயித்துக்குள்ள இருக்குத சூடு எந்தப் பிளாஸ்க்குல இருக்கும்?"

ஐந்து வருஷம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. சூடும் ஆறாது, காற்றும் போகாது.

அவர் அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு வந்த ஆடுகளில் எந்த ஆட்டின் வயிறு என்பதையும் அவரே தீர்மானித்தார். சந்தையில் வாங்கி வீட்டில் சோறும் சோளமும் போட்டுக் கொழுக்க வைத்த ஆடுகளை ஒதுக்கினார். "அதுக வயித்துல புளிச்ச வாட அடிக்கும். இந்த ரெண்டும் அச்சன்புதூர்ப் பக்கம் காட்டுல மேஞ்சது. இதுக வயிறு பச்சத் தழ வாசனையா இருக்கும், பாருங்க" என்றார். மோந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் நாரைத் தின்னும் ஆட்டிடம்தானே இருக்கும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் முப்பது வருஷமாக மூக்கால் அறிந்திருந்தார்.

இரண்டு வயிறுகளையும் கட்டிச் சாக்கில் சுற்றி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, என் சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டினார். கட்டி முடித்துப் பார்த்தார். நான் சைக்கிள் மிதிக்கிற அழகு அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. "இருங்க, நானே கொண்டாரேன்" என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவருடைய சைக்கிளுக்கு மூட்டையை மாற்றிக் கட்டினார். இருவரும் மழையில் மேலகரத்துக்குப் போனோம்.

புறவாசலில் அந்தப் பெண் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். பாய் தொழுவத்துக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவரை உள்ளே கூப்பிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"மழையில ஏன் நிக்கிய? உள்ள வாங்க அண்ணாச்சி."

நான் வெதுவெதுப்பான தண்ணீரில் வாளியை அலம்பினேன். பாய் வயிற்றைக் கிழித்துச் சக்கையைத் துணியில் பிழிந்தார். நான் குழாயைப் பிடித்தேன். அந்தப் பெண் மாட்டின் தலையை அணைத்துக்கொண்டார். கிழித்ததிலிருந்து கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு சின்னச் சீசாவில் கொஞ்சம் பிடித்து மூடி, என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பாய் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீசாவில் இருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடி நிறைய ஓட்டம். திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. பாயைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்க அவருக்கு வரவில்லை. கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவே இல்லை.

"நாளும் பொழுதும் வாய்க்கால்ல கழுவி விடுததுல இம்புட்டு உசிரா கெடக்கு!" என்றார்.

"இதுக பெரிசு. வைக்கோலத் திங்கறது இதவிடச் சின்னது. சாயம் போட்டாத்தான் தெரியும்."

"போதும் டாக்டர். அதையும் பாத்தா நான் கடைய மூடிரணும்" என்று எழுந்துகொண்டார்.

மறுநாளும் அதேபோல இரண்டு வயிறுகள் கொண்டுபோனோம். அன்று சாயங்காலம் இடது பக்கத்தில் கையை வைத்தபோது மெதுவாக ஒரு புரளல் வந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் தூரத்தில் வண்டி உருள்வது போலக் கேட்டது. அந்தப் பெண்ணின் காதில் மாட்டிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பிடி பச்சைப் புல்லை மாட்டின் முன்னால் போட்டார். பசு அதைத் தின்றது.

மூன்றாம் நாள் காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "விடியக்காலம் அசை போட்டுச்சு. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார்.

சத்திரத்தில் அவர் சொன்னபடியே சொல்லியிருந்தார். சமையல் கட்டுக்குப் பொறுப்பானவர் கேட்டுவிட்டு, ஒரு மண்டலம் பால் வேண்டாம் என்றாராம். ஒரு மண்டலம் முடிவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. அந்த வருஷம் அவருக்கு டீக்கடை வாடிக்கை மட்டும்தான். பசுவும் அந்த ஈத்தில் பாதிப் பால்தான் கறந்தது. இதையெல்லாம் அவர் என்னிடம் வந்து சொல்லவில்லை. கம்பவுண்டர் மூலமாகத் தெரிந்துகொண்டேன். அது என்னால் வந்த நஷ்டம். நான் வருந்துகிறேன் என்று ஒரு நாள் போய்ச் சொன்னேன். "அடுத்த தடவ மருந்து இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க டாக்டரே, யாரா இருந்தாலும்" என்றார். குடிக்க மோர் கொடுத்தார்.

பதிவேட்டில் நோயின் காரணம் என்ற இடத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். மேலதிகாரி பார்வையிட வந்தபோது அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இப்படியெல்லாம் எழுதி வைப்பதா?" என்றார். எழுதியது அடிக்கப்படவும் இல்லை, எனக்குத் தண்டனையும் இல்லை. பெனிசிலின் மட்டும் அதற்குப்பிறகு குறையாமல் வந்தது.

நான் தென்காசியில் இருந்தது மேலும் ஒன்றரை வருஷம். அதற்குள் அசை நின்ற மாடுகள் ஐந்தாறு வந்திருக்கும். அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் அரிசியும் நெல்லும் அளவுக்கு மீறித் தின்றது. பாயிடம் சொல்லி அனுப்பினால் போதும், எந்த ஆடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாடுகள் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன. எனக்குப் புளியங்குடிக்கு மாற்றல் வந்தபோது பாயிடம் விடைபெறப் போனேன். அங்கே கறிக்கடை வைத்திருக்கும் தன் மைத்துனரிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார்.

மேலகரத்துப் பசு அதற்குப் பிறகு மூன்று ஈத்துப் போட்டதாகக் கேள்வி. மூன்றாவது ஈத்தின்போது அந்தப் பெண்ணின் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டார். அவர்களோடு இலஞ்சிக்குக் குடிபோன பசு, அங்கேயே வயதாகி இறந்தது. அவருடைய மூத்த மகள் ஒரு முறை புளியங்குடியில் பஸ்ஸுக்காக நின்றபோது என்னை அடையாளம் கண்டு இதைச் சொன்னாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பஸ் வந்துவிட்டது.